‘அந்த ஜெட் அப்படிப் பறக்காது’ என்று சொல்வதற்கு முன்

வான்போர் வீடியோ கேம் ஒன்றில் நுழைந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். உங்கள் மிக்-15, கொரியப் போர்க் காலச் சோவியத் ஜெட், செங்குத்தாக ஏறித் தப்பப் பார்க்கிறது. பின்னால் வரும் சேபர் (அதன் அமெரிக்க எதிரியான எஃப்-86) விடாமல் தொடர்ந்து வந்து சுட்டு வீழ்த்திவிடுகிறது. மிக் நன்றாக ஏறும் விமானம் என்று எங்கோ படித்த நினைவு உங்களுக்கு. "வரலாற்றில் இப்படி நடந்திருக்கவே முடியாது" என்று விளையாட்டின் இணைய விவாத மன்றத்தில் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறீர்கள். பத்தே நிமிடத்தில் நான்கு பேர் வந்து மடக்குகிறார்கள். எந்த சேபர்? எந்த உயரத்தில்? இருவரிடமும் எரிபொருள் எவ்வளவு? ஆதாரம் என்ன?

இந்த இடத்தில் வாயடைத்து ஒதுங்கிப்போன பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் சொன்னது சரியாகவே இருந்தது என்பதுதான் எனக்கு வருத்தம். சரியான சந்தேகத்தைச் சரிபார்க்கக்கூடிய வடிவில் வைக்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அதைக் கற்றுத்தரவே இந்தக் கட்டுரை. இதில் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்போவது ஒன்றைத்தான்: விமானத்தின் பெயரை மட்டும் சொல்லி எழுப்பும் புகாரை யாராலும் சரிபார்க்க முடியாது. ரகம், ஆண்டு, உயரம், எடை ஆகிய நான்கையும் சொன்ன பிறகுதான் விவாதமே தொடங்குகிறது.

1. விளையாட்டு எதைத் தருவதாகச் சொல்கிறது?

ஏஸ் காம்பட் என்ற விளையாட்டு வரிசையில் ஒரே விமானம் பல பத்து ஏவுகணைகளைச் சுமந்து பறக்கும். உண்மையான எஃப்-16 வான்சண்டைக்குக் கிளம்பும்போது பெரும்பாலும் ஆறு ஏவுகணைகள்தான் இருக்கும். இதைப் பிழை என்று சுட்டிக்காட்டுவதில் பயனில்லை, ஏனெனில் அந்த விளையாட்டு அப்படியொரு துல்லியத்தைத் தருவதாகச் சொல்லவே இல்லை. டிசிஎஸ் வேர்ல்ட் இதற்கு நேர் எதிர். அங்கே இன்ஜினைக் கிளப்புவதற்கே விமானி அறையின் சுவிட்சுகளை வரிசை தவறாமல் இயக்க வேண்டும். அங்கே ஒரு சுவிட்ச் தவறான இடத்தில் இருந்தால்கூடக் கேள்வி கேட்கலாம்.

வார் தண்டர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதிலேயே ஆர்கேட், ரியலிஸ்டிக், சிமுலேட்டர் என்று மூன்று முறைகள் உண்டு. ஆர்கேடில் பார்த்ததை வைத்துக்கொண்டு வரலாறு பேசாதீர்கள். அங்கே விமானங்களின் திறன் வேண்டுமென்றே கூட்டிக் காட்டப்படுகிறது.

2. எந்தத் துல்லியத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

‘துல்லியம்’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. விமானத்தின் வடிவமும் ஆயுதங்களும் சரியா? அது பறக்கும் விதம் சரியா? அது சண்டையிடும் சூழல் சரியா? மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதி விவாதங்கள் முடிவில்லாமல் நீள்கின்றன.

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் ஜெட்டான மெஸ்ஸர்ஷ்மிட் மீ 262ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு 30 மி.மீ. பீரங்கிகள், மணிக்குச் சுமார் 870 கி.மீ. வேகம், இரண்டு யூமோ 004 இன்ஜின்கள். ஒரு விளையாட்டு இவை அனைத்தையும் சரியாகவே கொடுத்திருக்கலாம். ஆனாலும் வரலாறு படித்த ஒருவருக்கு அது பொய்யாகத் தோன்றும். ஏன்? நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களுக்கு ஜெர்மனியில் இருந்த கடும் தட்டுப்பாட்டால், வெப்பத்தைத் தாங்கும் உலோகக் கலவை போதாமல் அந்த இன்ஜின்களின் ஆயுள் 10 முதல் 25 மணி நேரம் வரையில்தான் இருந்தது. த்ராட்டிலை (இன்ஜின் விசையைக் கூட்டும் நெம்புகோலை) வேகமாகத் தள்ளினால் இன்ஜின் அணைந்துபோகும், சில சமயம் தீப்பிடிக்கும். சுமார் 1,400 விமானங்கள் தயாரிக்கப்பட்டாலும் சண்டைக்குப் போனவை அவற்றில் ஒரு சிறு பங்கே. ஓடுபாதையிலிருந்து கிளம்பும்போதும் இறங்கும்போதும் அவை மெதுவாகத்தான் பறக்க முடியும் என்பதை அறிந்த நேச நாட்டு விமானிகள், விமானத் தளங்களுக்கு அருகிலேயே காத்திருந்து தாக்கினார்கள்.

விளையாட்டிலோ ஒவ்வொரு ஆட்டத்திலும் உங்களுக்குப் புத்தம் புது இன்ஜின் கிடைக்கிறது. இரு அணியிலும் எண்ணிக்கை சமம். எதிரே வருவது பிஸ்டன் இன்ஜின் கொண்ட அமெரிக்க மஸ்டாங்காக இல்லாமல் இன்னொரு ஜெட்டாகவும் இருக்கலாம். இங்கே எண்களில் ஒன்றுகூடத் தவறில்லை, வித்தியாசம் முழுக்கச் சூழலில் இருக்கிறது. அதை விமானத்தின் வேகத்தைக் குறைத்தோ கூட்டியோ சரிசெய்யவும் முடியாது. பழைய இல்-2 ஸ்டுர்மோவிக் விளையாட்டு வரிசை மீ 262இன் த்ராட்டிலை அவசரமாகத் தள்ளுபவரின் இன்ஜினைத் தீப்பிடிக்க வைத்தது. அந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். வேகத்தையும் ஆயுதத்தையும் தாண்டி, அந்த விமானியின் கையில் இருந்த பதற்றத்தையும் அது விளையாட்டுக்குள் கொண்டுவந்தது.

வியட்நாம் போரின் எஃப்-4 ஃபேன்டம் இன்னொரு உதாரணம். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் விமானத்தைத் தாக்குவதற்கென்றே அதற்கு ஸ்பாரோ ஏவுகணை கொடுக்கப்பட்டது. ஆனால் எதிரில் இருப்பது எதிரிதான் என்று கண்ணால் உறுதிசெய்த பிறகே சுட வேண்டும் என்ற கட்டுப்பாடு போரின் பெரும்பகுதியில் இருந்தது. விளையாட்டில் எதிரியின் தலைக்கு மேல் பெயரே எழுதியிருக்கும். "ஸ்பாரோ வியட்நாமில் இவ்வளவு மோசமாக இருந்ததே, விளையாட்டில் ஏன் இப்படித் தைக்கிறது?" என்று கேட்பவர் இந்த வித்தியாசத்தை முதலில் கழித்துவிட்டுக் கேட்க வேண்டும்.

காகிதத்திலேயே நின்றுபோன விமானங்கள் தனி ரகம். ஜப்பானின் ஆர்2ஒய்1 பிஸ்டன் இன்ஜினோடு 1945 மே மாதம் பறந்தது. அதன் ஜெட் வடிவமான ஆர்2ஒய்2 திட்டமாகவே முடிந்துபோனது. ஆனாலும் வார் தண்டரில் அது இடம்பெற்றது. 2022 டிசம்பரில் அதே விளையாட்டில் எஃப்-16உம் மிக்-29உம் வந்தபோது, ஜப்பானுக்காக முன்மொழியப்பட்டு ஒருபோதும் கட்டப்படாத எஃப்-16ஏஜேவும் கூடவே வந்தது. இப்படிப்பட்டவற்றைச் சேர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இது கட்டப்படாத விமானம் என்று விளையாடுபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புதியவர்களுக்கு என் அறிவுரை: காகித விமானம் எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்ற விவாதத்தில் இறங்காதீர்கள். பறந்து அளந்த பதிவே இல்லாத இடத்தில் யாரும் யாரையும் ஒப்புக்கொள்ள வைக்க முடியாது.

3. ரகத்தை உறுதிசெய்யுங்கள்

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ‘சேபர்’ என்று ஒரு விமானம் இல்லை. சேபர்கள் என்ற ஒரு குடும்பமே இருக்கிறது.

எஃப்-86 முதன்முதலில் பறந்தது 1947 அக்டோபர் 1 அன்று. கொரியாவுக்கு முதலில் போனது ‘ஏ’ ரகம். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அதன் வால் கட்டுப்பாடு பலமிழந்தது. அடுத்து வந்த ‘இ’ ரகத்தில் கிடைமட்ட வால் முழுவதும் ஹைட்ராலிக் விசையால் அசையும்படி மாற்றப்பட்டது. அதிவேகத்தில் மூக்கைத் தூக்கும் திறனில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி உண்டு. அடுத்த ‘எஃப்’ ரகத்துக்குள்ளேயே இன்னொரு பிளவு. முதலில் வந்தவற்றின் இறக்கை முன்விளிம்பில், குறைந்த வேகத்தில் தானாகத் திறக்கும் ஸ்லாட்டுகள் என்ற பட்டைகள் இருந்தன. பிறகு அவற்றை எடுத்துவிட்டு, இறக்கையின் முன்விளிம்பை அடிப்பகுதியில் 6 அங்குலமும் நுனியில் 3 அங்குலமும் நீட்டினார்கள். ‘6-3 இறக்கை’ என்று இதைச் சொல்வார்கள். உயரத்திலும் அதிவேகத்திலும் சேபர் இதனால் இறுக்கமாகத் திரும்பியது. அதற்கு விலையாகக் குறைந்த வேகத்தில் அது கட்டுக்கு அடங்கும் தன்மை குறைந்தது, ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்குவிசையை இழக்கும்) வேகம் கூடியது. பின்னர் வந்த எஃப்-86எஃப்-40இல் இறக்கை நுனி நீட்டப்பட்டு, ஸ்லாட்டுகளும் திரும்பி வந்தன.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவர் "சேபர் மெதுவான வேகத்தில் நன்றாகத் திரும்பும்" என்கிறார். இன்னொருவர் "இல்லவே இல்லை, ஸ்டால் ஆகிவிடும்" என்கிறார். இருவர் கையிலும் உண்மையான கையேடு இருக்கலாம். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். நானே ஒருமுறை ஸ்லாட் இறக்கை கொண்ட சேபரை விளையாட்டில் ஓட்டிவிட்டு, 6-3 இறக்கையின் வரைபடத்தோடு ஒப்பிட்டு ஒரு மாலை முழுதும் வாதாடியிருக்கிறேன். எதிரில் இருந்தவர் பொறுமையாக இறக்கையின் படத்தை அனுப்பி, முன்விளிம்பைப் பார்க்கச் சொன்னார். அன்றிலிருந்து இறக்கையைப் பார்க்காமல் நான் பேசுவதில்லை.

ஆயுதங்களுக்கும் இதே விதி. சேபரிடம் ஆறு 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிகள் என்பது பொதுவாகச் சரி. ஆனால் எஃப்-86எஃப்-2 என்ற ரகத்தில் 20 மி.மீ. பீரங்கிகளைப் பொருத்தி 1953இல் கொரியாவிலேயே சோதித்தார்கள். சேபருக்கு ஏவுகணை உண்டா என்ற கேள்விக்கும் விடை ஆண்டைப் பொறுத்தது. கொரியப் போரில் இல்லை. 1958 செப்டம்பர் 24 அன்று தைவான் நீரிணைக்கு மேலே தைவானின் எஃப்-86எஃப் விமானங்கள் சைடுவைண்டர் ஏவுகணையால் மிக்-17களைத் தாக்கின. வான்சண்டையில் வழிகாட்டப்பட்ட ஏவுகணை வெற்றி கண்டது அதுவே முதல் முறை. அந்தச் சண்டையில் வெடிக்காமல் ஒரு மிக்-17இன் உடலில் சிக்கிய ஏவுகணையைப் பிரித்துப் பார்த்துத்தான் சோவியத் யூனியன் தன் கே-13 ஏவுகணையை உருவாக்கியது. ஆகவே ஏவுகணையோடு ஒரு சேபரைப் பார்த்தவுடன் ‘பொய்’ என்று எழுதிவிடாதீர்கள். எந்த ஆண்டின், எந்த நாட்டின் சேபர் அது என்று பாருங்கள்.

மிக்-15க்கும் ‘பிஸ்’ எழுத்துகள் முக்கியம். முதல் மிக்-15இல் இருந்த ஆர்டி-45 இன்ஜின், பிரிட்டன் விற்ற ரோல்ஸ் ராய்ஸ் நீன் இன்ஜினின் நகல். மிக்-15பிஸ்ஸில் அதை மேம்படுத்திய விகே-1. ஏறும் வேகம் பற்றி வாதாடுபவர் இந்த இரண்டையும் குழப்பினால் விவாதம் அங்கேயே செத்துவிடும்.

4. அலகுகள்: பெரும்பாலோர் சறுக்கும் இடம்

1948 செப்டம்பரில் எஃப்-86ஏ ஒன்று மணிக்கு 671 மைல் வேகத்தில் பறந்து உலக சாதனை படைத்தது. அது சுமார் 1,080 கி.மீ. இதே 671ஐ நாட் என்று தவறாக எடுத்துக்கொண்டால் 1,243 கி.மீ. ஆகிவிடும். கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பநிலையில் ஒலியின் வேகம் 1,225 கி.மீ. அதாவது, ஒரே ஒரு அலகுத் தவறு சேபரைக் கடல் மட்டத்தில் ஒலியை மிஞ்சும் விமானமாக மாற்றிவிடும். அமெரிக்காவின் பழைய ஆவணங்களில் மைலும் நாட்டும் கலந்து வரும். ஒரு நாட் 1.852 கி.மீ., ஒரு மைல் 1.609 கி.மீ., ஓர் அடி 0.3048 மீட்டர். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த பொறி, கருவி காட்டும் வேகம். விமானத்தின் வேகமானி காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. உயரே காற்று மெலிந்திருப்பதால் அது உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். 6,000 மீட்டரில் காட்டிய வேகத்தைவிட உண்மை வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம். 11,000 மீட்டரில் வித்தியாசம் மிகப் பெரிது: கருவியில் 500 என்று தெரியும்போது உண்மையில் 900ஐ ஒட்டிப் பறந்துகொண்டிருப்பீர்கள். கையேடு உண்மை வேகத்தைச் சொல்லும், விளையாட்டின் திரை கருவி வேகத்தைக் காட்டும். இதைக் கவனிக்காமல் "விளையாட்டில் என் விமானம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குறைவாகப் போகிறது" என்று புகார் செய்பவர்கள் ஒவ்வொரு மாதமும் வருகிறார்கள்.

மாக் எண்ணும், அதாவது விமான வேகம் ஒலி வேகத்தில் எத்தனை மடங்கு என்பதும், உயரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும், 11,000 மீட்டரில் அதன் வேகம் சுமார் 1,062 கி.மீ.தான். மாக் 0.9 என்பது கடல் மட்டத்தில் சுமார் 1,100 கி.மீ., அந்த உயரத்தில் 956 கி.மீ. சேபர், மிக்-15 போன்ற ஒலிக்குக் கீழான ஜெட்கள் உயரே போகப் போக உச்ச வேகம் குறைவதற்குக் காரணம் இதுவே. விளையாட்டின் பிழை அல்ல. மிக்-15 மாக் 0.92ஐத் தொட்டவுடன் வேகத்தைக் குறைக்கும் தடுப்புப் பலகைகள் தானாகத் திறந்துகொள்வதும் உண்மை விமானத்தில் இருந்த அமைப்புதான். சேபரோ சாய்ந்து இறங்கும்போது ஒலியை மிஞ்சிவிடும்.

ஒலியை மிஞ்சும் விமானங்களில் கதை திரும்பிவிடுகிறது. சோவியத்தின் மிக்-25க்கு மாக் 2.83 வரை அனுமதி என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அது மிக உயரத்தில், நேர்கோட்டில். தரையை ஒட்டி அந்த வேகத்தில் பாதியைக்கூட அது எட்டாது. பெட்டியில் அச்சிட்ட ஒற்றை எண்ணை எந்த ஜெட்டுக்கும் நம்பாதீர்கள். எந்த உயரத்தில், இறக்கைக்கு அடியில் என்ன தொங்கிக்கொண்டிருந்தபோது அந்த வேகம் என்று கேளுங்கள். ஏவுகணையின் ‘அதிகபட்சத் தூரம்’ என்பதும் இதே கதைதான். உயரே, நேருக்கு நேர் வரும் இலக்குக்குச் சொன்ன தூரத்தைத் தாழப் பறந்து ஓடும் இலக்குக்கு எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

5. ஆதாரத்தைத் தரம் பிரியுங்கள்

விமானியின் கையேடும், அதன் பின்னிணைப்பில் வரும் திறன் வரைபடங்களும்தான் முதல் தரம். அதற்கு இணையானவை அரசுச் சோதனை அறிக்கைகள். அமெரிக்காவின் நாகா என்ற பழைய வானியக்க ஆய்வு அமைப்பின் அறிக்கைகள் நாசாவின் ஆவணக் களஞ்சியத்தில் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கின்றன. சோவியத் பயிற்சி விமானிகளுக்காக எழுதப்பட்ட ‘நடைமுறைக் காற்றியக்கவியல்’ பாடநூல்கள் அருமையானவை. ரஷ்ய மொழி தெரிந்த ஒருவரின் துணை வேண்டும், அவ்வளவுதான். கைப்பற்றிய விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்த அறிக்கைகளும் உண்டு. வட கொரிய விமானி நோ கும்-சோக் 1953 செப்டம்பர் 21 அன்று தன் மிக்-15பிஸ்ஸை கிம்போ தளத்தில் இறக்கிய பிறகு, அமெரிக்க விமானிகள் அதை ஒகினாவாவில் முறையாகச் சோதித்தார்கள். ஒலியின் வேகத்தை முதலில் மிஞ்சிப் பறந்த சக் ஈகரும் அவர்களில் ஒருவர்.

தயாரிப்பு நிறுவனத்தின் விளம்பரக் குறிப்பு இதற்கு ஒரு படி கீழே. விற்க நினைப்பவர் தன் சரக்கைக் குறைத்துச் சொல்லமாட்டார். இன்ஜினின் உந்துவிசையில் இது நன்றாகத் தெரியும். சோதனை மேடையில் அளந்த உந்துவிசை ஒன்று. அதே இன்ஜினை விமானத்துக்குள் பொருத்தி, வளைந்த காற்றுக்குழாய் வழியே மூச்சுவிட வைத்த பிறகு கிடைக்கும் உந்துவிசை வேறு, முன்னதைவிடக் குறைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "விளையாட்டில் என் இன்ஜின் பலவீனமாக இருக்கிறது" என்று எழுதப்படும் அறிக்கைகள் ஏராளம்.

ஊகம் எப்படி உண்மையாக வேடமிடும் என்பதற்கு மிக்-25ஐவிடச் சிறந்த பாடம் இல்லை. அதன் பெரிய இறக்கைகளைப் படத்தில் பார்த்த மேற்கத்திய வல்லுநர்கள், இது லாவகமாகத் திரும்பும் சண்டை விமானம் என்று அஞ்சினார்கள். 1976 செப்டம்பர் 6 அன்று சோவியத் விமானி விக்டர் பெலென்கோ அதை ஜப்பானின் ஹகோடாடேயில் கொண்டுவந்து இறக்கினார். பிரித்துப் பார்த்தபோது அதன் உடல் பெரும்பாலும் எஃகு. கனமான, நேர்கோட்டில் பாய்ந்து இடைமறிப்பதற்கென்றே செய்யப்பட்ட விமானம் அது. உளவுத் துறைகளையே படங்கள் ஏமாற்றியிருக்கும்போது, ஒரு புகைப்படத்தையும் ஒரு வீடியோவையும் மட்டும் வைத்து நாம் முடிவுக்கு வரக் கூடாது.

விமானிகளின் நினைவுக் குறிப்புகளை நான் விரும்பிப் படிப்பேன். ஆனால் அவற்றை விமானத்தின் திறனுக்குச் சான்றாக வைக்கமாட்டேன். "நான் அவனைவிட இறுக்கமாகத் திரும்பினேன்" என்று ஒருவர் உண்மையாகவே எழுதியிருப்பார். எதிரியிடம் எவ்வளவு எரிபொருள் இருந்தது, அவன் முழு விசையோடு திரும்பினானா, புதியவனா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வீழ்த்திய கணக்கு அதைவிட ஆபத்தானது. கொரியாவில் 78 சேபர்களை இழந்து 792 மிக்குகளை வீழ்த்தியதாக அமெரிக்கத் தரப்பு அறிவித்தது. சோவியத் தரப்போ ஆயிரத்துக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாகச் சொன்னது. இரண்டு கணக்குகளையும் ஒரே வானத்தில் வைக்க முடியாது. பிற்கால ஆய்வுகள் அமெரிக்கர்கள் சொன்ன விகிதத்தை வெகுவாகக் குறைத்தன. கணக்கு சரியாகவே இருந்தாலும் அது விமானத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. சேபர் விமானிகள் பலர் இரண்டாம் உலகப் போரைக் கண்டவர்கள், அவர்களிடம் ஜி-விசையை (வேகமாகத் திரும்பும்போது உடலை அழுத்தும் விசையை) தாங்க உதவும் உடையும் ராடாரோடு இணைந்த குறிபார்க்கும் கருவியும் இருந்தன. எதிரே இருந்த மிக்கை ஓட்டியவர் தேர்ந்த சோவியத் விமானியாக இருக்கலாம், சில மாதப் பயிற்சியோடு வந்தவராகவும் இருக்கலாம். சோவியத் விமானிகளிடம்கூட ஜி-உடை இல்லை. ஆகவே "சேபர் இத்தனை மிக்குகளை வீழ்த்தியது, எனவே விளையாட்டிலும் சேபர் மேலாக இருக்க வேண்டும்" என்ற வாதம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதை ஏற்காதீர்கள்.

6. ரகசிய ஆவணங்களைத் தொடாதீர்கள்

இதைச் சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் சொல்கிறேன். வாதத்தில் வெல்லும் ஆசையில் சிலர் ராணுவ ஆவணங்களை வெளியிட்டிருக்கிறார்கள். 2021இல் வார் தண்டர் விவாதம் ஒன்றில் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கியின் ஆவணம் வந்தது. 2023 ஜனவரியில் எஃப்-16 தொடர்பான ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தாள்கள் வந்தன. விளையாட்டை உருவாக்கியவர்கள் அவற்றை நீக்கினார்களே தவிர, பயன்படுத்தவில்லை. வெளியிட்டவர் ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியாமல், தன் வேலையையும் சுதந்திரத்தையும் பணயம் வைத்ததுதான் மிச்சம்.

‘ரகசியம்’ என்ற முத்திரை இல்லாததால் மட்டும் ஓர் ஆவணத்தைப் பகிர்ந்துவிட முடியாது. ரகசியமல்லாத ஆவணங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கலாம். அமெரிக்க ஆவணம் என்றால் முதல் பக்கத்தில் விநியோகக் குறிப்பைத் தேடுங்கள். அதில் ‘ஏ’ வகை என்று இருந்தால் பொதுவெளியீட்டுக்கு அனுமதிக்கப்பட்டது என்று பொருள். வேறு எழுத்து இருந்தாலோ, எங்கிருந்து வந்தது என்று தெரியாமலிருந்தாலோ மூடிவைத்துவிடுங்கள். இன்று சேவையில் இருக்கும் விமானங்களைப் பற்றிய விவாதத்தைத் தொடக்கத்திலேயே தவிர்க்கச் சொல்வேன். அவற்றின் உண்மைத் திறன் வெளியில் இல்லை, ஆகவே எல்லா விளையாட்டுகளிலும் அவை ஊகமாகத்தான் இருக்கும்.

7. விளையாட்டில் அளந்து பாருங்கள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கையேட்டைப் புரட்டியவர்களில் பலர் விளையாட்டை மட்டும் அளக்காமல் விட்டுவிடுகிறார்கள். ‘மெதுவாக இருப்பதுபோலத் தெரிகிறது’ என்பது அளவு அல்ல.

சண்டையில் அளக்க முடியாது, தனியாகச் சோதனைப் பறப்பைத் தேர்ந்தெடுங்கள். கையேட்டில் சொன்ன எடைக்கு ஏற்ப எரிபொருளை வையுங்கள். வரைபடங்கள் பெரும்பாலும் முழுத் தொட்டியோடு அல்லாமல் ‘சண்டை எடை’யில் வரையப்பட்டிருக்கும். வெளித் தொட்டி, குண்டு, ஏவுகணை எதுவும் தொங்கக் கூடாது, கையேடு சொன்னால் தவிர. வார் தண்டரில் மேம்பாடுகள் அனைத்தும் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வாங்கிய விமானம் தன் முழுத் திறனில் இருக்காது. மவுஸால் ஓட்டும்போது விளையாட்டின் தானியங்கி உதவி உங்கள் திருப்பத்தைக் கட்டுப்படுத்தும் என்பதையும் மறக்காதீர்கள். திருப்பத்தை அளக்கப்போகிறீர்கள் என்றால் முழுக் கட்டுப்பாட்டு முறைக்கு மாறி ஜாய்ஸ்டிக்கால் ஓட்டுங்கள்.

நேர் வேகத்தை அளப்பது எளிது. குறித்த உயரத்தில் மட்டமாகப் பறந்து, வேகம் இனி ஏறவே ஏறாது என்ற நிலை வரும்வரை காத்திருங்கள். பொறுமை வேண்டும். கடைசிப் பத்து கிலோமீட்டர் வேகம் ஏறுவதற்கு இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகும். மூன்று முறை செய்யுங்கள். வார் தண்டர் ஓடும்போது அதே கணினியின் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 8111 என்ற முகவரியைத் திறந்தால் வேகம், உயரம் போன்ற எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். டிசிஎஸ் ஆடுபவர்கள் டாக்வியூ மென்பொருளில் முழுப் பறப்பையும் பதிவுசெய்து பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

திருப்பத்தை அளக்கும்போது இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நொடி முழு விசையோடு இழுத்துத் திரும்புவது ஒன்று. அதில் வேகம் கரைந்துவிடும். வேகமும் உயரமும் குறையாமல் சுற்றிக்கொண்டே இருப்பது மற்றொன்று. "என் விமானம் நன்றாகத் திரும்பவில்லை" என்பவர் எந்தத் திருப்பத்தைச் சொல்கிறார் என்றே பெரும்பாலும் சொல்வதில்லை.

உங்கள் அளவையைச் சரிபார்க்க ஒரு கணக்கு தருகிறேன். உண்மை வேகம் மணிக்கு 600 கி.மீ., உயரம் மாறாமல் 5 ஜி (புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்கு விசை) இழுத்துச் சுற்றினால் ஒரு முழு வட்டத்துக்கு ஏறத்தாழ 22 நொடி ஆகும். அதே 5 ஜியை 900 கி.மீ. வேகத்தில் இழுத்தால் ஏறத்தாழ 33 நொடி. எந்த நாட்டின் எந்த விமானமானாலும் இதுதான், ஏனெனில் இது வெறும் இயற்பியல் கணக்கு. உங்கள் நிறுத்தற் கடிகாரம் இதற்கு மாறாகக் காட்டினால், உயரம் மாறியிருக்கும் அல்லது கருவி வேகத்தை உண்மை வேகமாக எடுத்திருப்பீர்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். விமானத்துக்கு விமானம் மாறுவது, அந்த 5 ஜியை அந்த வேகத்தில் விடாமல் தாங்கிக்கொள்ளும் பலம் இன்ஜினுக்கு இருக்கிறதா என்பதுதான். உங்கள் புகார் அங்கேதான் பிறக்க வேண்டும்.

8. புகாரை எழுதுங்கள்

ஒரு புகாரில் ஒரே ஒரு பிழை. வேகம், பீரங்கி, விமானி அறையின் நிறம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதினால் படிப்பவர் எதையும் எடுத்துக்கொள்ளமாட்டார். வடிவம் இப்படி இருக்கட்டும்: விமானத்தின் முழு ரகப் பெயர். விளையாட்டின் பதிப்பு, முறை. உயரம், எடை, வெளிச்சுமை. கையேடு சொல்லும் அளவு, அதன் பக்கம், பக்கத்தின் தெளிவான படம், ஆவணத்தின் தலைப்பும் ஆண்டும் தெரியும் முதல் பக்கத்தின் படம். நீங்கள் மூன்று முறை அளந்த எண்கள், பறப்பின் பதிவு. அவ்வளவு போதும். முதல்நிலை ஆவணம் ஒன்று, அது கிடைக்காவிட்டால் ஒன்றையொன்று சாராத இரண்டு நூல்கள் என்பதுதான் பொதுவாக எதிர்பார்க்கப்படும் அளவு. இரண்டு நூல்களும் ஒரே பழைய நூலைப் பார்த்து எழுதியவையா என்று துணைநூல் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

"இந்த நாட்டுக்கு வேண்டுமென்றே அநீதி செய்கிறார்கள்" என்ற வரியை எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அதைப் படித்தவுடன் மற்றவர்கள் உங்கள் எண்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். வித்தியாசம் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் புகார் வேண்டாம். உண்மை விமானங்களே ஒன்றுக்கொன்று அந்த அளவு மாறுபட்டவைதான்.

9. எதிலிருந்து தொடங்கலாம்?

எஃப்-86எஃப், மிக்-15பிஸ் இரண்டையும் பரிந்துரைக்கிறேன். இரண்டும் டிசிஎஸ்ஸிலும் வார் தண்டரிலும் இருக்கின்றன. இரண்டின் கையேடுகளும் வெகுகாலத்துக்கு முன்பே பொதுவெளிக்கு வந்துவிட்டன. ராடார், ஏவுகணை, மின்னணு எதிர்ப்பு போன்ற சிக்கல்கள் கொரியக் காலத்து மிக்கில் இல்லவே இல்லை, சேபரிலும் மிகக் குறைவு. ஆயுதத்தை ஒப்பிட விரும்பினால், மிக்கின் 37 மி.மீ. பீரங்கிக்கு 40 குண்டுகளும் இரண்டு 23 மி.மீ. பீரங்கிகளுக்குத் தலா 80 குண்டுகளும் விளையாட்டில் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிப்பாருங்கள். அந்த இரு வகைக் குண்டுகளும் ஒரே பாதையில் போகாது என்பதைத் தொலைவில் சுட்டுப் பார்த்தால் நீங்களே காண்பீர்கள்.

முதல் வாரம் புகார் எதுவும் எழுத வேண்டாம். சேபரின் இறக்கையைச் சுற்றிவந்து பார்த்து ரகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடல் மட்டம், 3,000, 6,000, 9,000 மீட்டர் என நான்கு உயரங்களில் உச்ச வேகத்தை அளந்து ஒரு தாளில் புள்ளிகளாக வையுங்கள். கையேட்டின் கோட்டை அதன் மேல் வரையுங்கள். அடுத்த வாரம் மிக்குக்கும் அதையே செய்யுங்கள். கோடும் புள்ளிகளும் விலகும் உயரம் ஒன்று கண்ணில் பட்டால் அங்கே நின்று மறுபடி அளந்து பாருங்கள்.